யுபிஎஸ் இருந்தும் சர்வர் பொட்டுனு அணையுதா? பெரிய யுபிஎஸ் வாங்கறதுக்கு முன்னாடி இதப் பாருங்க

திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனி ஆஃபீஸ பாத்துக்கறவங்க கேட்டிருக்காங்க: லினக்ஸ் சர்வர், 1 கேவிஏ யுபிஎஸ், யுபிஎஸ்ஸ கவனிச்சு பேட்டரி தீர்றதுக்குள்ள சர்வர ஒழுங்கா மூடற ஏபிசியுபிஎஸ்டி (apcupsd) சாஃப்ட்வேர் எல்லாம் இருக்கு, ஆனா கரண்ட் போன பன்னெண்டாவது நிமிஷம் சர்வர் அப்படியே அணைஞ்சு பில்லிங் டேட்டாபேஸ் கெட்டுப்போச்சு, டீலர் 3 கேவிஏ வாங்கச் சொல்றார், வாங்கலாமா?

வேணாங்க. யுபிஎஸ் வாங்குறது சர்வர நாள் முழுக்க ஓட்டறதுக்கு இல்ல, ஒழுங்கா மூடறதுக்கு நேரம் கிடைக்கத்தான். இதே செட்டிங்கோட பெருசா வாங்கினாலும் இதே சாவுதான், அரைமணி லேட்டா வரும்.

முதல்ல கேபிளப் பாருங்க. யுபிஎஸ்ல இருந்து சர்வருக்கு டேட்டா கேபிள் போகணும். பாதி ஆஃபீஸ்ல அது பிரிக்காம பெட்டியிலயே கெடக்கும், மாட்ட வந்த ஆளு பவர் வயர மட்டும் சொருகிட்டு கையெழுத்து வாங்கிட்டுப் போயிருப்பான். சில யுபிஎஸ்ல அந்த போர்ட் லேன் போர்ட் மாதிரியே இருக்கும், அதுல லேன் கேபிள் மாட்டினா வேலைக்கு ஆகாது, கூட வந்த கேபிள்தான் வேணும்.

அடுத்து ஏபிசியுபிஎஸ்டி செட்டிங். வந்தபடியே விட்டிருந்தா பேட்டரிலெவல் 5, மினிட்ஸ் 3, டைம்அவுட் 0னு இருக்கும். அதாவது சார்ஜ் 5 சதவீதத்துக்கு வந்தாலோ 3 நிமிஷம்தான் பாக்கின்னு யுபிஎஸ் சொன்னாலோ, எது முந்துதோ அப்ப ஷட்டவுன். டைம்அவுட் 0ன்னா நேரக்கணக்கு வச்சு மூடறது ஆஃப்னு அர்த்தம். முதல் ரெண்டுமே யுபிஎஸ் வாய்வார்த்தைய நம்பி நடக்குறது, மூணு வருஷம் ஓடின பேட்டரி 60 சதவீதம்னு காட்டிட்டே இருந்து அடுத்த நொடி படுத்துரும், உங்களுக்கு நடந்ததும் அதுவாத்தான் இருக்கணும். டைம்அவுட்ட 300 ஆக்குங்க, பேட்டரி என்ன சொன்னாலும் கரண்ட் போன 300 செகண்ட்ல ஷட்டவுன் ஆரம்பிச்சிரும். பேட்டரிலெவல் 50 வைங்க. மாத்தினதும் சர்வீஸ ரீஸ்டார்ட் பண்ணணும்.

ஜெனரேட்டர் இருக்கே, எதுக்கு 5 நிமிஷத்துல மூடணும்னு கேப்பீங்க. ஜெனரேட்டர் ரெண்டு நிமிஷத்துல எடுத்துச்சுன்னா இந்த டைம்அவுட் வரவே வராது, ஆனா ஞாயித்துக்கிழமை ராத்திரி அத ஸ்டார்ட் பண்ண ஆளு இருக்காரா, டீசல் இருக்கா? அதுமட்டுமில்ல, ஜெனரேட்டர் கரண்ட்ல ஃப்ரீக்வென்சி ஆடுச்சுன்னா யுபிஎஸ் அத ஏத்துக்காம பேட்டரியிலயே நிக்கும், ரூம்ல லைட் எரியும், எல்லாரும் கரண்ட் வந்துருச்சுன்னு நினைச்சுட்டு இருப்பாங்க, உள்ள பேட்டரி கரைஞ்சுட்டே இருக்கும். யுபிஎஸ் சென்சிட்டிவிட்டிய, அதாவது வர்ற கரண்ட் கொஞ்சம் ஆடினாலே பேட்டரிக்கு மாறுற செட்டிங்க, குறைச்சு வச்சா ஓரளவு சரியாகும், ஆனாலும் ஜெனரேட்டர நம்பி டைம்அவுட்ட எடுத்துராதீங்க.

டெஸ்ட் பண்ணாம விடாதீங்க. பேக்கப் எடுத்துட்டு, ஆள் இல்லாத நேரத்துல சுவர் சுவிட்ச ஆஃப் பண்ணுங்க, பிளக்க உருவாதீங்க, எர்த் போயிரும். ஷட்டவுன் ஆரம்பிச்சு முழுசா அணைய எவ்ளோ நேரம்னு வாட்ச் வச்சுப் பாருங்க. கரண்ட் வந்ததும் தானா எந்திரிக்கணும்னா பயாஸ்லயும் (சர்வர் ஆன் ஆகும்போது முதல்ல ஓடற அடிப்படை புரோகிராம்) செட்டிங் இருக்கு, அதையும் போட்டுருங்க.

புது யுபிஎஸ் வேணாம், பேட்டரி மட்டும் மாத்தினா போதும், பேட்டரி மேல அச்சடிச்ச தயாரிப்புத் தேதிய நீங்களே பாத்து வாங்குங்க, புது ஸ்டிக்கர் ஒட்டின பழசு நிறைய சுத்துது. பர்ச்சேஸ்ல எவ்ளோ விஏ, எவ்ளோ வாரண்டின்னு மட்டும் கேட்டு கம்மி கொட்டேஷனுக்கு ஆர்டர் குடுக்குறாங்க, ஷட்டவுன் டெஸ்ட் பண்ணிக் காட்டினாத்தான் பணம்னு ஒரு வரி எழுத யாருக்கும் கை வரல. அடுத்த ஆர்டர்ல நீங்க அத எழுதிருங்க.