நம்பிக்கை 'செல்லம்மாள்' பக்கம்தான்

தம்பி, மண்டபம் நூலகக் கூட்டத்தில் புதுமைப்பித்தனின் 'பொன்னகரம்', 'செல்லம்மாள்' ஆகிய இரண்டு சிறுகதைகளில் எதில் நம்பிக்கை அதிகம் என்று பேச வேண்டும், எதிரணி 'பொன்னகரம்' என்கிறது என்று எழுதியிருந்தீர்கள். தயங்காமல் 'செல்லம்மாள்' பக்கம் நில்லுங்கள்.

எதிரணியின் வாதம் வலுவானதுதான். 'பொன்னகரம்' கதையில், அடிபட்டுக் கிடக்கும் கணவனுக்குப் பால்கஞ்சி வேண்டும் என்பதற்காக அம்மாளு தன்னையே விற்கிறாள், அவள் முடங்கிவிடவில்லை. கழுத்தளவுக் கடலில் பாசி எடுத்துக் குடும்பம் காக்கும் பெண்கள் உங்கள் கூட்டத்தில் இருப்பார்கள், அவர்களுக்கு அம்மாளுவை உடனே புரியும். ஆனால் அவள் துணிவுக்குக் கதைக்குள் ஒரு கை கூட நீளவில்லை. 1934-இல் வந்த அந்தக் கதை நம் முகத்தில் அறைகிறது. அறைவது அதன் பெருமை, ஆறுதல் தருவது அதன் வேலையே அல்ல.

'செல்லம்மாள்' கதையில் மரணம் முதலிலேயே வந்துவிடுகிறது. பிழைப்பாளா என்ற கேள்விக்கே இடமில்லை. மிஞ்சுவது செல்லம்மாளின் கணவர் பிரமநாயகம் பிள்ளையின் பணிவிடை: துணிக்கடையில் நாளெல்லாம் உழைத்துவிட்டு வந்து சமைக்கிறார், நோயாளி மனைவியைப் பார்த்துக்கொள்கிறார், உயிர் போன பிறகும் அவள் உடலைத் தானே குளிப்பாட்டுகிறார். பலன் எதுவும் கிடைக்காது என்று தெரிந்த இடத்திலும் அன்பு வேலை செய்கிறதே, இதைவிடப் பெரிய நம்பிக்கை வேறென்ன?

பேசும்போது அம்மாளுவைக் குறைத்து மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவளுக்குரிய மரியாதையை முதலில் கொடுத்துவிட்டு, பிறகு பிள்ளையிடம் வாருங்கள்.