விழித்திரைப் படிவுகள்: வாசகர் கேள்விகளுக்கு விழித்திரை மருத்துவரின் பதில்கள்

என் அம்மாவுக்கு 67 வயது. கண்புரைக்குக் காட்டப் போன இடத்தில், விழித்திரையில் ‘ட்ரூசன்’ இருப்பதாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பார்வை போய்விடுமா, டாக்டர்?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

ட்ரூசன் என்பது விழித்திரையின் நிறமிச் செல் அடுக்குக்கும் அதன் அடியிலுள்ள புரூக் சவ்வுக்கும் இடையே சேரும் மஞ்சள் நிறப் படிவு. கொழுப்பு, புரதம், சிறிது தாதுப்பொருள் ஆகியவை அதில் கலந்திருக்கும். ஒளியுணர் செல்கள் நாள்தோறும் உதிர்க்கும் நுனிகளை விழுங்கிச் செரிப்பது நிறமிச் செல்களின் வேலை. அவற்றுக்கு வேண்டிய ஆக்சிஜனும் ஊட்டமும் அடியிலுள்ள ரத்த நாளங்களிலிருந்து இந்தச் சவ்வைக் கடந்துதான் வர வேண்டும். உப்புத் தண்ணீர் பாயும் தோட்டத்தில் சொட்டுநீர்க் குழாயின் துளைகள் நாளடைவில் அடைபடுவதுபோல, வயது ஏற ஏறச் சவ்வில் கொழுப்பு சேர்ந்து இந்தப் போக்குவரத்து மந்தமாகிறது.

படிவு எல்லாருக்கும் ஒரே அளவில் இருப்பதில்லை. 63 மைக்ரானுக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சிறியவை முதுமையின் இயல்பு; அவற்றை நோயாகக் கொள்வதில்லை. 63 முதல் 125 மைக்ரான் வரை என்றால் தொடக்கநிலை மாகுலா சிதைவு, அதாவது நடுப்பார்வையைத் தரும் விழித்திரையின் மையப் பகுதி சிதையும் நோய். அதற்கும் பெரியவை இருந்தாலோ, நிறமி மாற்றம் சேர்ந்திருந்தாலோ இடைநிலை. இடைநிலையில்கூடப் பலருக்குப் பார்வை நன்றாகவே இருக்கும். ஆகவே அந்த ஒற்றைச் சொல்லைக் கண்டு அஞ்ச வேண்டாம்; படிவின் அளவு, இருக்கும் இடம், நிறமி மாற்றம், மற்றக் கண்ணின் நிலை ஆகிய நான்கையும் கேட்டு எழுதி வாங்குங்கள்.

நான் தறி நெய்பவன், வயது 61. இடக்கண்ணை மூடினால், பாவு இழைகள் நடுவில் நெளிந்து தெரிகின்றன. இரண்டு கண்ணாலும் பார்த்தால் நேராக இருக்கின்றன. கையிலுள்ள ஆர்டரை முடித்துவிட்டு வரலாமா, ஐயா?
– வாசகர், சென்னிமலை

வேண்டாம், இந்த வாரமே வாருங்கள். நேரான இழை புதிதாக நெளிந்து தெரிவது, படிவுகளின் அருகே புதிய ரத்த நாளங்கள் முளைத்துக் கசியும் ஈரவகைச் சிதைவின் அடையாளமாக இருக்கலாம். விழித்திரையின் அடுக்குகளை ஒளியால் படமெடுக்கும் ஓ.சி.டி. ஸ்கேனில் அந்தக் கசிவு தெரிந்துவிடும். பெவாசிசுமாப், ரானிபிசுமாப், அஃப்ளிபர்செப்ட் போன்ற மருந்துகளைக் கண்ணுக்குள் ஊசியாகச் செலுத்திக் கசிவைக் கட்டுப்படுத்தலாம். ஆனால் தழும்பு விழுந்த இடத்தில் இழந்த பார்வையை எந்த ஊசியும் மீட்டுத் தராது. நல்ல கண் கெட்ட கண்ணின் குறையை மறைத்துவிடும் என்பதை நீங்களே கண்டிருக்கிறீர்கள். ட்ரூசன் உள்ள ஒவ்வொருவரும், படிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு கண்ணாக மூடி, கட்டம்போட்ட தாளையோ கதவுச் சட்டத்தையோ வாரந்தோறும் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இந்தப் படிவுகளை லேசரால் நீக்க முடியாதா? மாத்திரையோ மஞ்சளோ கரைக்குமா?
– வாசகர், ஈரோடு

லேசர் பட்டால் படிவு மறைவது உண்மை. ஆனால் அப்படி மறையச் செய்ததால் பார்வை காக்கப்படவில்லை என்பதைப் பெரிய மருத்துவ ஆய்வொன்று 2006-இல் காட்டியது. படிவு, அடியில் நடக்கும் கோளாற்றின் வெளிப்பாடு. அதைத் துடைத்துவிட்டால் கோளாறு தீர்ந்துவிடாது.

மாத்திரையும் படிவைக் கரைக்காது. இடைநிலைக்கு வந்தவர்களுக்கும், ஒரு கண்ணில் முற்றிய சிதைவு உள்ளவர்களுக்கும், வைட்டமின் சி, ஈ, துத்தநாகம், செம்பு, லூட்டீன், சியாசாந்தின் அடங்கிய குறிப்பிட்ட அளவுக் கலவை, ஐந்தாண்டுகளில் நோய் முற்றும் வாய்ப்பை ஏறத்தாழ 25 சதவீதம் குறைக்கும். சிறு படிவு மட்டும் உள்ளவர்களுக்கு அதனால் பலன் இல்லை, காசு வீண். புகைபிடிப்போர், பீட்டா கரோட்டின் சேர்ந்த பழைய கலவையை வாங்கவே கூடாது. அது நுரையீரல் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும். மஞ்சளைச் சமையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கீரையும் மீனும் நல்லவை.

என் அம்மிச்சிக்கு இந்நோயால் நடுப்பார்வை போய்விட்டது. எனக்கும் வருமா?
– வாசகி, பொள்ளாச்சி

வாய்ப்பு சற்றுக் கூடுதல்தான்; நோயெதிர்ப்பைக் கட்டுப்படுத்தும் ஒரு மரபணுவின் மாறுபாட்டுக்கு இதில் பங்குண்டு என்பது 2005-இல் தெரியவந்தது. மரபணுவை மாற்ற முடியாது. வீட்டில் யாராவது பீடி, சிகரெட் பிடித்தால் அதை நிறுத்தச் சொல்லுங்கள். நாமே மாற்றக்கூடிய காரணங்களில் அதுவே பெரியது. 50 வயதைத் தாண்டியதும், பார்வையில் குறை தெரியாவிட்டாலும், கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்திட்டு விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.