ஒற்றைச் சக்கர யூனிசைக்கிளோடு விமானம் ஏறுகிறவர்களுக்கு: இந்த முறை வந்த கேள்விகள்

வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே வரிதான்: "யூனிசைக்கிளை ஃப்ளைட்டில் கொண்டுபோகலாமா சார்?" எத்தனை அங்குலச் சக்கரம், எந்த ஏர்லைன், உள்நாடா வெளிநாடா, ஒரு விவரமும் கிடையாது. அவர்களுக்கெல்லாம் பதில்: கொண்டுபோகலாம். கொஞ்சம் விவரத்தோடு எழுதியவர்களுக்குக் கீழே.

கேள்வி: 20 அங்குல யூனிசைக்கிள், சென்னையிலிருந்து டெல்லிக்கு, எகானமி. சாதாரண லக்கேஜில் அடங்குமா? (சென்னை வாசகர்)

பதில்: தாராளமாக அடங்கும். சக்கரம் 50 செ.மீ. சொச்சம், மொத்த எடை 6 கிலோ போல இருக்கும். உள்நாட்டு எகானமியில் பெரும்பாலும் 15 கிலோ தருகிறார்கள், ஆக துணிமணிக்கு 9 கிலோ மிச்சம். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: சில ஏர்லைன்களில் 15 கிலோ என்பது ஒரே பெட்டிக்குத்தான், இரண்டாவது பெட்டி எடையே இல்லாமல் இருந்தாலும் தனிக் காசு. அதனால் துணியையும் சைக்கிளையும் ஒரே பெட்டியில் போடுங்கள். ஸ்போக்குகளுக்கு இடையில் துணியைத் திணித்தால் தனியாக ஃபோம் வாங்கவும் வேண்டாம்.

கேள்வி: 20 அங்குலத்தைக் கைப்பையாகக் கேபினுக்குள் எடுத்துப்போகலாமா?

பதில்: கேபின் பைக்கு வழக்கமான அளவு 55 × 35 × 25 செ.மீ. வட்டமான 50 செ.மீ. சக்கரத்தை 35-க்குள் எப்படி நுழைப்பீர்கள்? முடியாது.

கேள்வி: 24 அங்குலப் பந்தய யூனிசைக்கிள். கிராங்கை, அதாவது பெடல் மாட்டும் தண்டை, கழற்றாமல் பேக் செய்ய முடியுமா? யூனிகான் போன்ற உலக யூனிசைக்கிள் போட்டிக்குப் போக ஆசை. (கோயம்புத்தூர்)

பதில்: முடியும். உலக யூனிசைக்கிள் கூட்டமைப்பின் விதியே உங்களுக்குச் சாதகம். 24 வகுப்பில் டயரோடு சேர்த்துச் சக்கரத்தின் விட்டம் 618 மி.மீ.-ஐத் தாண்டக் கூடாது, அதாவது 62 செ.மீ. பெட்டியை 65 × 65 × 25 என்று வைத்தால் கூட்டுத்தொகை 155. பெரும்பாலான ஏர்லைன்களின் வரம்பு நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 158 செ.மீ. பெடல், சீட், ஃபோர்க் மூன்றும் கழன்றால் போதும், கிராங்க் அப்படியே இருக்கட்டும். கழற்றும் முன் சீட் போஸ்டில் உயரத்தை டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள், போட்டி நாள் காலையில் உயரம் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். பெட்டிக் கடைக்குப் போகும்போது இஞ்ச் டேப்பும் கூடவே போகட்டும். அட்டைப்பெட்டியின் உள்ளளவை அளந்துவிட்டு வந்து "158-க்குள்தான் சார் இருந்தது" என்று எழுதுகிறவர்கள் எப்போதும் உண்டு. கவுண்டரில் வெளியளவுதான் கணக்கு.

கேள்வி: 29 அங்குலம் ஒன்று, 36 அங்குலம் ஒன்று வைத்திருக்கிறேன். டயரைக் கழற்றிவிட்டால் 158-க்குள் வருமா? (சிங்கப்பூர்)

பதில்: கேட்கத் தெரிந்து கேட்டிருக்கிறீர்கள். 29 வரும். டயரோடு விட்டம் 75 செ.மீ. போல, இரண்டு பக்கத்துக்கே 150 போய்விடும், மீதி 8-இல் சக்கரத்தின் நடுவிலிருக்கும் ஹப் அடங்காது. டயரையும் டியூப்பையும் கழற்றினால் ரிம் 64 செ.மீ.தான், தடிமனுக்கு 20 வைத்தாலும் 150-க்குள் முடிந்துவிடுகிறது. மடக்கும் டயராக இருந்தால் மடித்து வையுங்கள். கம்பி போட்ட டயரை மடக்கி உடைக்காமல் முறுக்கி மூன்று வளையமாக்கிக் கட்டலாம்.

36-க்கு வழியில்லை. அதன் ரிம்மில் டயர் உட்காரும் இடமே 787 மி.மீ. விட்டம். 79-ம் 79-ம் 158, தடிமனுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட மிச்சமில்லை. ஸ்பெஷல் சைஸ் காசு கட்டித்தான் ஆக வேண்டும். அதற்கு முன் ஏர்லைனிடம் அதிகபட்ச அளவு என்ன என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சைக்கிளுக்கென்று தனிக் கட்டணம் வைத்திருக்கும் ஏர்லைன்களும் உண்டு, இரண்டில் எது மலிவோ அதில் போடுங்கள்.

கேள்வி: டயரில் காற்று இருந்தால் மேலே போனதும் வெடித்துவிடுமாமே? முழுக்க இறக்கிவிடவா? (இதைக் கேட்டவர்கள் பலர்)

பதில்: வெடிக்காது, வெடிக்காது, வெடிக்காது. எத்தனை தடவை எழுதினாலும் அடுத்த தடவை இதே கேள்வி வந்து நிற்கிறது. பயணிகள் விமானத்தில் லக்கேஜ் போகும் அடித்தட்டிலும் நீங்கள் உட்கார்ந்திருக்கும் கேபினிலும் காற்றழுத்தம் ஒன்றுதான். நாயும் பூனையும் கூண்டில் அந்தத் தட்டில்தானே பயணம் செய்கின்றன? விமானம் 35,000 அடியில் பறந்தாலும் உள்ளே அழுத்தத்தை 8,000 அடி உயரத்தில் இருப்பதற்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்கிறார்கள். ஊட்டியே 7,000 அடிக்கு மேல். மேட்டுப்பாளையத்தில் காற்றடித்த டயர் ஊட்டிக்குப் போய் வெடித்து யாராவது பார்த்ததுண்டா?

கணக்காகவே வேண்டுமென்றால்: கடல் மட்டத்தில் காற்றழுத்தம் சுமார் 15 பவுண்டு, 8,000 அடியில் 11. வித்தியாசம் 4. நீங்கள் 40 பவுண்டு அடித்திருந்தால் அது மேலே 44 மாதிரி நடந்துகொள்ளும், அவ்வளவுதான். வெளியே துளிக்கூடக் காற்றே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் 55. உங்கள் டயர் எவ்வளவு தாங்கும் என்று அதன் பக்கச் சுவரிலேயே அச்சடித்திருக்கிறதே, அதை ஒரு முறை படித்திருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது.

அதற்காகக் கவுண்டரில் நின்று பௌதிகப் பாடம் எடுக்காதீர்கள். பல ஏர்லைன்களின் விதியில் காற்றை இறக்கச் சொல்லியிருக்கிறது, விதி என்றால் இறக்க வேண்டியதுதான், உங்களுக்குப் பின்னால் நாற்பது பேர் நிற்கிறார்கள். நான் சொல்வது, சப்பையாகும் வரை இறக்காதீர்கள் என்பது. பெட்டியைத் தூக்கி எறியும்போது ரிம்மைக் காப்பாற்றுவது டயரில் இருக்கும் அந்தக் கொஞ்சக் காற்றுதான். முழுக்கச் சப்பையானால் ரிம் நேரடியாக அடி வாங்கும், டயர் விலகி டியூப் நசுங்கும், போய் இறங்கி ஏறினால் பஞ்சர். கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்க வேண்டும், ரிம் விரலில் இடிக்கக் கூடாது, அந்த அளவுக்கு. வீட்டிலேயே நீங்களே இறக்குங்கள். ப்ரெஸ்டா என்கிற ஒல்லி வால்வைப் பழகாதவர் கையில் கொடுத்தால் நுனித் தண்டு வளைந்துதான் திரும்பி வரும்.

கேள்வி: அப்படியானால் அங்கே போய்க் காற்றடிக்கச் சின்ன கார்பன் டை ஆக்சைடு குப்பி கொண்டுபோகலாமா?

பதில்: ஏர்லைனின் முன் அனுமதி வேண்டும், செக்யூரிட்டியில் வாக்குவாதமும் நிச்சயம். கைப்பம்பு வாங்குங்கள்.

கேள்வி: இடது பெடல் கழலவே மாட்டேன் என்கிறது. ஸ்பானர் மேல் ஏறி நின்று மிதித்தும் பார்த்துவிட்டேன். நாளை இரவு ஃப்ளைட். (திருச்சி)

பதில்: எந்தத் திசையில் மிதித்தீர்கள் என்று எழுதவில்லை, எழுதாமலே தெரிகிறது. இடது பெடலுக்கு மரை தலைகீழ். வலது பெடல் வழக்கம்போல இடஞ்சுழியாகக் கழலும், இடது பெடல் வலஞ்சுழியாகக் கழலும். குழப்பமாக இருந்தால் ஸ்பானரை மேல்நோக்கி மாட்டி, சைக்கிளின் பின்பக்கமாகத் தள்ளுங்கள், இரண்டு பக்கத்துக்கும் அதேதான். கிராங்கில் இருக்கும் L, R எழுத்துகளைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். யூனிசைக்கிளில் சீட்டைத் திருப்பிப் போட்டுவிட்டால் எது இடது என்பதே மாறிப்போகும். நீங்கள் ஏறி நின்றதில் அது இன்னும் இறுகியிருக்கும், மரை போயிருந்தால் கிராங்கையே மாற்ற வேண்டும். கொஞ்சம் எண்ணெய் விட்டு ஓர் இரவு விட்டுவைக்கச் சொல்லலாம் என்றால் ஃப்ளைட் நாளைக்கு. இதையெல்லாம் ஒரு வாரம் முன்பே கழற்றிப் பார்க்க வேண்டாமா? ஸ்பானரும் ஆலன் கீயும் செக்-இன் பெட்டியில்தான், கைப்பையில் போடாதீர்கள்.

கேள்வி: என்னுடையது எலெக்ட்ரிக் யூனிசைக்கிள். பேட்டரியைச் சொல்லாமல் செக்-இன்னில் போட்டால் தெரியுமா?

பதில்: ஸ்கேனரில் பளிச்சென்று தெரியும். தெரியாவிட்டால் இன்னும் மோசம், அடித்தட்டில் லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் அணைக்க அங்கே ஆள் கிடையாது. 100 வாட்-ஹவர் வரை பேட்டரி பயணியோடு போகலாம், 100 முதல் 160 வரை ஏர்லைன் அனுமதி வேண்டும், 160-க்கு மேல் பயணிக்கு அனுமதியே இல்லை, கேபினிலும் இல்லை, செக்-இன்னிலும் இல்லை. பெரும்பாலான எலெக்ட்ரிக் யூனிசைக்கிள்களில் இது 160-ஐத் தாண்டிவிடும், பெரியவை ஆயிரங்களில். வோல்ட்டையும் ஆம்பியர்-ஹவரையும் பெருக்கினால் உங்கள் எண் வந்துவிடும். பல ஏர்லைன்கள் பேட்டரி எவ்வளவு சின்னதாக இருந்தாலும் இந்த வகை வண்டிகளையே ஏற்றுவதில்லை. ஆபத்தான சரக்குகளுக்கான கார்கோ முகவரைப் பாருங்கள், இல்லாவிட்டால் வீட்டிலேயே விட்டுப் போங்கள்.

கேள்வி: வெளிநாடு போய் இறங்கியபோது சக்கரம் கோணிப்போயிருந்தது. இரண்டு வாரம் கழித்து ஏர்லைனுக்கு எழுதினேன், முடியாது என்கிறார்கள். (யாழ்ப்பாணம்)

பதில்: முடியாதுதான். மான்ட்ரியல் ஒப்பந்தம் பொருந்தும் சர்வதேசப் பயணத்தில் சேதம் என்றால் பெட்டி கைக்கு வந்த 7 நாளுக்குள் எழுத்தில் புகார் போக வேண்டும், தாமதமாக வந்ததற்கு 21 நாள். பெல்ட்டிலிருந்து எடுத்தவுடன் அங்கேயே திறந்து பாருங்கள், சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள், அடி இருந்தால் விமான நிலையத்தை விட்டு வெளியே வரும் முன் பிஐஆர் என்கிற லக்கேஜ் புகார்ப் படிவத்தை எழுதி நகல் வாங்குங்கள். பேக்கிங் சரியில்லை என்று அவர்கள் சொல்வார்கள், அதனால் பெட்டியை மூடும் முன் போட்டோ எடுத்து வைத்திருக்க வேண்டும். லேசான கோட்டம் என்றால் நல்ல சைக்கிள் கடையில் அரை மணியில் எடுத்துத் தருவார்கள், அதற்காக ஏர்லைனோடு மல்லுக்கட்டுவது வீண்.

கேள்வி: விலை உயர்ந்த யூனிசைக்கிள். இந்தியா திரும்பும்போது வெளிநாட்டில் வாங்கியது என்று சுங்க வரி கேட்பார்களா?

பதில்: கேட்கலாம். புறப்படும்போதே விமான நிலையச் சுங்க அதிகாரியிடம் பொருளைக் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிவிடுங்கள். பெட்டியை செக்-இன்னில் கொடுக்கும் முன் செய்ய வேண்டிய வேலை, ஆகவே ஒரு மணி நேரம் முன்னதாகப் போங்கள்.

கேள்வி: சேர்த்துப் பூட்டியபின் சக்கரம் இறுக்கமாகச் சுற்றுகிறது. பெட்டியில் அடிபட்டிருக்குமா?

பதில்: அடி எதுவும் இல்லை, சக்கரத்தை ஃபோர்க்கோடு பிடித்திருக்கும் பேரிங் மூடியின் திருகுகளை நீங்கள் பலம் காட்டி இறுக்கியிருக்கிறீர்கள். தளர்த்தி, இரண்டு பக்கமும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். தூக்கிப் பிடித்துச் சுற்றினால் தானாக ஓட வேண்டும்.

கேள்வி: நாங்கள் தெருச் சர்க்கஸ் குழு. யூனிசைக்கிளோடு தீப்பந்தங்களும் ஜக்ளிங் கட்டைகளும் இருக்கின்றன. (மதுரை)

பதில்: எண்ணெய் குடித்த திரி கூடவே கூடாது, காய்ந்துவிட்டது என்றாலும் மண்ணெண்ணெய் வாசனை வந்தால் எடுத்து வைத்துவிடுவார்கள். பழைய திரியைக் கழற்றிவிட்டு, இதுவரை எண்ணெயே படாத புதுத் திரியை எடுத்துப்போங்கள், எண்ணெயைப் போகிற ஊரில் வாங்கிக்கொள்ளலாம். கட்டைகள் செக்-இன்னில் போகட்டும். கைப்பையில் இருந்தால் செக்யூரிட்டிக்காரருக்கு அது வெறும் தடிதான்.