சென்னையில் மாணவர்களுக்கு இலவச பஸ் பாஸ் கொடுப்பது வரிப்பணத்துக்குக் கேடு இல்லையா?

கேள்வி கேட்டவருக்கு இரண்டு வருத்தம். கோடிக்கணக்கில் போகிறதே என்பது ஒன்று. வசதியான வீட்டுப் பிள்ளைக்கும் சேர்த்து எதற்கு என்பது இன்னொன்று.

இரண்டாவதை முதலில் முடித்துவிடலாம். வசதியான வீட்டுப் பிள்ளை காலை எட்டு மணிக்கு சாதாரணக் கட்டண வெள்ளை போர்டு பஸ்ஸில் ஏறுவதில்லை. ஸ்கூல் வேனில் போகும், இல்லாவிட்டால் அப்பா கொண்டுபோய் விடுவார். ஒரு கால் படிக்கட்டிலும் ஒரு கால் காற்றிலுமாக வருகிறவனிடம் போய் வருமானச் சான்றிதழ் கேட்டால், அவன் அம்மா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு இ-சேவை மையத்தில் நிற்க வேண்டும். அந்த விண்ணப்பங்களைச் சரிபார்க்க நாலு பேரைப் போட வேண்டும். யார் தேவையுள்ளவர் என்பதை பஸ் கூட்டமே சலித்துக் கொடுத்துவிடுகிறது.

அப்புறம் பணம். 2024-25 பட்ஜெட்டில் மாணவர் கட்டணச் சலுகைக்கு 1,521 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். இது சென்னைக்கு மட்டும் அல்ல, மாநிலம் முழுவதற்கும். பெண்கள் இலவசமாகப் போகும் மகளிர் விடியல் பயணத் திட்டத்துக்கு அதே வருடம் 3,050 கோடி. இதில் ஒரு ரூபாய்கூட மாணவன் கையில் விழுவதில்லை என்பதைக் கவனியுங்கள். அரசு தன் ஒரு பையிலிருந்து எடுத்து, தன்னுடையதேயான போக்குவரத்துக் கழகங்களின் பையில் போடுகிறது. அங்கே அது டீசலாகவும் சம்பளமாகவும் டயராகவும் மாறுகிறது.

நான் வார இறுதிகளில் பெரும்பாக்கம் குடியிருப்பில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். அடுக்கடுக்காக எட்டு மாடிகள்; கூவம் கரையிலிருந்தும் நகரத்தின் மற்ற இடங்களிலிருந்தும் அகற்றப்பட்டவர்களுக்காகக் கட்டியது. வகுப்பில் ஒரு பையன் உட்கார்ந்தவாறே தூங்குவான். ஒருநாள் எழுப்பியபோது சட்டைக்குள்ளிருந்து பாஸ் வெளியே வந்து விழுந்தது. பிளாஸ்டிக் உறையில் போட்டு, பழைய ஷூ லேஸில் கோத்து, கழுத்தில் மாட்டியிருந்தான். எட்டாம் வகுப்பில் எடுத்த போட்டோ. அதன் மேல் குத்திய முத்திரை பாதி முகத்தை மறைத்திருந்தது. கீழே இரண்டு ஊர்ப் பெயர்கள், நடுவில் ஒரு சின்னக் கோடு. அந்தக் கோட்டின் நீளம் இருபது கிலோமீட்டருக்கு மேல்.

"பக்கத்திலேயே ஸ்கூல் இருக்கே, ஏன்டா மாறல?" என்று கேட்டேன்.

"இங்க எல்லாம் புதுசு சார். பழைய ஸ்கூல்ல டீச்சருங்க என்னை அஞ்சாவதுலேர்ந்து பார்த்திருக்காங்க. பஸ்ஸுதான் ஃப்ரீயாச்சே."

வீட்டை இருபது கிலோமீட்டர் தள்ளி வைத்தது அவனோ அவன் அப்பாவோ இல்லை. அரசு தள்ளி வைத்தது. அந்தத் தூரத்துக்கான டிக்கெட்டை அரசே எடுப்பதை இலவசம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பாக்கியில் கொஞ்சம் அடைக்கிறார்கள், அவ்வளவுதான்.

குடியமர்த்தப்பட்டவர்களை விடுங்கள், பொதுவாகவே கணக்கு இப்படித்தான். கட்டாயக் கல்விச் சட்டம் 14 வயதுவரைக்கும்தான். தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள், நடுநிலைப் பள்ளி மூன்று கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்கிற விதியெல்லாம் எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். ஒன்பதாவதிலிருந்து தூரம் கூடும். கேட்டரிங் வேலைக்கு, பந்தி பரிமாற வா என்று ஆள் கூப்பிடுவதும் அந்த வயதில்தான். (நான் படித்தது சென்னை பஸ்களுக்குப் பல்லவன் என்று பெயர் இருந்த காலத்தில். ஒரே வருடத்தில் இரண்டு முறை பாஸைத் தொலைத்தேன். இரண்டாவது முறை புதுப் பாஸ் வரும்வரை அம்மா தினமும் சில்லறை எண்ணிக் கொடுத்தபோதுதான் அதன் விலை தெரிந்தது.)

இன்னொன்று. 2021 மே 8 முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அதனால் அந்தப் பையனின் அக்காவுக்குப் பாஸே வேண்டாம், இவனுக்குத்தான் வேண்டும்.

சரி, குறையே இல்லையா? இருக்கிறது. பாஸுக்குப் பணம் ஒதுக்குவதும், பள்ளி நேரத்தில் பஸ் விடுவதும் தனித்தனி விஷயங்கள். பாஸ் அச்சடிப்பது சுலபம். ஏழு மணிக்கும் ஒன்பது மணிக்கும் நடுவில் இன்னும் பத்து வண்டி விடுவதற்கு டிரைவர், கண்டக்டர், வண்டி எல்லாம் வேண்டும். டிக்கெட் வசூலை வைத்து ஒரு டிரிப்பை நல்லது கெட்டது என்று அளக்கிற வரைக்கும், பாஸ் பையன்கள் முப்பது பேர் நிற்கிற ஸ்டாப் யாருக்கும் இனிக்காது. இது எந்த ஊர் பஸ்ஸுக்கும் பொருந்தும். ஆனால் சென்னையில் 2025 ஜூனில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து ஓடத் தொடங்கிய மின்சார பஸ்களை நடத்துகிற தனியாருக்கு, ஓடிய கிலோமீட்டருக்குத்தான் பணம். எத்தனை டிக்கெட் விற்றது என்பது அவர்கள் கவலை இல்லை. மாணவர் சலுகைப் பணத்தையும் இந்த மாதிரி, பள்ளி நேரத்தில் ஓடிய நடைகளுக்கு என்று கொடுத்தால் நன்றாக இருக்கும் என்பது என் கட்சி.

பணக்கார ஊரிலும் இந்த இழுபறி உண்டு. லண்டனில் 2005லிருந்து 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு பஸ் இலவசம். அடுத்த வருடமே படிக்கிற 16, 17 வயதுக்காரர்களையும் சேர்த்தார்கள். 2020ல் கொரோனாவால் வருமானம் படுத்து, நகரப் போக்குவரத்து நிர்வாகம் பிரிட்டிஷ் அரசிடம் கை நீட்டியபோது, வந்த நிபந்தனைகளில் ஒன்று அந்தப் பிள்ளைகளின் இலவசப் பயணத்தை நிறுத்தச் சொன்னது. பலத்த எதிர்ப்பு கிளம்பி, கடைசியில் நிறுத்தவில்லை.

அந்தப் பையன் இப்போது பதினொன்றாவது. காலை ஐந்தே முக்காலுக்கே கிளம்பிவிடுகிறான். அடுத்த வண்டியில் போனாலும் மணி அடிப்பதற்குள் போய்விடலாமாம். ஆனால் முதல் வண்டியில்தான் உட்கார இடம் கிடைக்கிறது. உட்கார்ந்தால்தான் வீட்டுப்பாடம் எழுத முடிகிறது.