அடுப்படிக் கேள்வி–பதில்: டின் மீனில் கொரியன் பாஸ்தா

கே: அக்கா, அண்ணன் துபாயிலிருந்து வரும்போது டூனா டின்கள் கொண்டுவந்தார். மகள் கொரியன் சீரியல் பார்த்துவிட்டு அதேபோலக் காரமாகப் பாஸ்தா கேட்கிறாள். இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள் போட்டு மீனை நன்றாக வதக்கிச் செய்தேன். மீன் சக்கையாகி, கவுச்சியும் அடித்தது. எங்கே தப்பு? கோச்சுஜாங் என்கிற கொரிய மிளகாய் விழுது இல்லாமல் செய்ய முடியாதா?
– ஒரு வாசகி, கீழக்கரை

ப: தப்பு வதக்கியதில்தான். டின்னை அடைத்து மூடி, அப்படியே கடும் சூட்டில் வேகவைத்துத்தான் அனுப்புகிறார்கள். டூனா என்பது நம் சூரை மீன்தான், வெந்த சூரையை மறுபடி வதக்கினால் சக்கைதான் மிஞ்சும். டின் மீன் கடைசியில், அடுப்பை அணைத்த பிறகு.

இரண்டு பேருக்கு 200 கிராம் பாஸ்தா. பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு ஒரு நிமிஷம் முன்னாலேயே எடுத்துவிடுங்கள். வடிக்குமுன் ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்து வையுங்கள். அந்தக் கஞ்சித்தண்ணிதான் மசாலாவைப் பாஸ்தாவில் ஒட்டவைக்கும்.

டின்னில் இருப்பது எண்ணெய் என்றால் அதிலேயே இரண்டு ஸ்பூன் எடுத்து, நறுக்கிய பூண்டு ஆறேழு பல்லைப் போடுங்கள். உப்புத் தண்ணீர் என்றால் ஒட்டப் பிழிந்து கொட்டிவிடுங்கள், கவுச்சியில் பாதி அதோடு போய்விடும். பூண்டு சிவக்க வேண்டாம், வாசம் வந்தால் போதும். தீயைக் குறைத்து ஒன்றரை மேஜைக்கரண்டி கோச்சுஜாங், ஒரு டீஸ்பூன் சோயா சாஸ். இனிப்புள்ள விழுது, சட்டென்று அடிப்பிடிக்கும். எடுத்துவைத்த தண்ணீரில் பாதியை ஊற்றிப் பாஸ்தாவைப் புரட்டி, அணைத்து, மீனைப் பெரிய துண்டுகளாகவே போட்டு எலுமிச்சை பிழியுங்கள். கொரியாவில் எள்ளை வறுத்து எண்ணெய் எடுப்பார்கள். நம் நல்லெண்ணெயில் அந்த வாசம் இருக்காது. அதனால் ஒரு ஸ்பூன் எள்ளை வறுத்து நுணுக்கித் தூவுங்கள்.

கோச்சுஜாங் என்பது மிளகாய், பசையரிசி, நொதித்த சோயா, உப்பு எல்லாம் சேர்த்து மாதக்கணக்கில் புளிக்கவைக்கும் விழுது. அந்தப் புளிப்பு ருசி வீட்டில் அரைமணியில் வராது. ஆனால் 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம முண்டு மிளகாய் எதற்கு இருக்கிறது? பத்து மிளகாயை விதை தட்டி வெந்நீரில் ஊறவைத்து, ஒரு கைப்பிடி சோறு, நெல்லிக்காய் அளவு கருப்பட்டி, இரண்டு ஸ்பூன் சோயா சாஸ் சேர்த்து மையாக அரையுங்கள். சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டி கிடைத்தால் விடாதீர்கள். பசையரிசி செய்யும் வேலையைச் சோறு செய்துவிடும். இது பச்சை விழுது என்பதால் எண்ணெய் பிரியும்வரை வதக்கியாக வேண்டும். வதக்குகிற ஆசையை இங்கே தீர்த்துக்கொள்ளுங்கள்.

கடையில் வாங்குவதானால் லேபிளைப் படித்து வாங்குங்கள். பல கோச்சுஜாங்கில் கெடாமலிருக்க ஆல்கஹால் சேர்த்திருப்பார்கள். ஹலால் முத்திரை போட்டதும் கிடைக்கிறது.

கே: பாம்பனில் இருந்துகொண்டு டின் மீனா என்று வீட்டில் சிரிக்கிறார்கள்!

ப: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும்போது மார்க்கெட்டில் மீன் விலையைக் கேட்டுவிட்டு வந்து சிரிக்கச் சொல்லுங்கள்.

கே: கொரியாக்காரர்கள் தூவும் கடல்பாசி, மண்டபத்தில் தெப்பத்தில் வளர்க்கிற பாசிதானா?

ப: இல்லை. அவர்கள் தூவுவது 'கிம்'. மெல்லிய பாசியைக் காகிதம்போலப் பரப்பிக் காயவைத்தது. நம் பெண்கள் மூங்கில் தெப்பத்தில் வளர்க்கிற 'பெப்சி பாசி', ஐஸ்கிரீம், பற்பசை எல்லாம் கெட்டியாக்கச் சேர்க்கும் கராஜீனனுக்குப் போகிறது. நோன்பு திறக்கக் காய்ச்சுகிற கடல்பாசி இரண்டிலும் சேராது, அது வேறு வகை. எதையும் பாஸ்தாவில் மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

கே: பாதி டின் மிஞ்சிவிட்டால்?

ப: டின்னிலேயே வைக்க வேண்டாம். கண்ணாடி டப்பாவுக்கு மாற்றி ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு நாளில் முடித்துவிடுங்கள். அப்புறம் இன்னொன்று: மூடி உப்பியிருக்கிற டின்னைத் திறந்து மோந்துகூடப் பார்க்காதீர்கள், அப்படியே குப்பைக்கு.