அன்னா எந்த வீட்டுப் பெண்?

கேள்வி: என் கணவரின் கொள்ளுப்பாட்டி அன்னா, அயோவா மாநிலத்தின் வடகிழக்கில் ஒரு பண்ணையில் வாழ்ந்து 1931-ல் இறந்தவர். கல்லறையில் இன்னாரின் மனைவி என்றுதான் இருக்கிறது. 16 வயதில், 1884-ல், பெற்றோருடன் நார்வேயிலிருந்து வந்தாராம். எல்லிஸ் தீவு அதிகாரி குடும்பப் பெயரையே மாற்றிவிட்டார் என்கிறார் மாமியார். பிறந்த வீட்டைக் கண்டுபிடிக்க டி.என்.ஏ. சோதனை செய்யலாமா?
— ஒரு வாசகி, மினியாபொலிஸ்

பதில்: குடியேற வந்தவர்களைப் பதிவு செய்த எல்லிஸ் தீவு நிலையம் திறந்ததே 1892-ல். 1884-ல் நியூயார்க்கில் இறங்கியவர்கள் அதற்கு முந்தைய நிலையமான காசில் கார்டன் வழியாக வந்தார்கள். அதிகாரிகளும் பெயரை மாற்றவில்லை. கப்பல் கம்பெனி கொடுத்த பட்டியலைச் சரிபார்த்தார்கள், அவ்வளவே. (இதை மாமியாரிடம் உங்கள் கணவரே சொல்லட்டும்.)

டி.என்.ஏ.வுக்கு ஒதுக்கிய பணம் இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும். அன்னா வாழ்ந்தது அயோவாவில் என்பது உங்கள் அதிர்ஷ்டம். மத்திய அரசின் 1890 கணக்கெடுப்புத் தாள்கள் 1921 தீவிபத்தில் சிக்கியதில் ஏறக்குறைய எதுவும் மிஞ்சவில்லை. 1900-ல் பார்த்தால் அன்னா கணவர் பெயரோடு இருப்பார். ஆனால் அயோவா தனியாகவும் கணக்கெடுத்தது. 1925-ல் கணக்கெடுக்க வந்தவர்கள் அப்பா பெயரோடு, அம்மாவின் கல்யாணத்துக்கு முந்தைய பெயரையும் கேட்டு எழுதினார்கள். அப்போது அன்னா உயிரோடிருந்தாரே! அந்தத் தாளை முதலில் எடுங்கள். பிறகு 1885 அயோவா கணக்கெடுப்புக்குப் போங்கள். வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருக்கும், பெற்றோர் வீட்டிலேயே கிடைக்கலாம். இரண்டும் வம்சாவளி தேட உதவும் ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசம்.

அம்மா பெயரை ஏன் பிடித்துக்கொள்ளச் சொல்கிறேன் என்றால், சிநேகிதி ஒருத்திக்காகத் தேடியபோது ஒரே கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) ஒரே வயதில் எனக்கு இரண்டு அன்னாக்கள் கிடைத்தார்கள். மூன்று வாரம் தப்பான அன்னாவின் பின்னால் அலைந்தேன். அவளுடைய தம்பி தங்கைகளின் பெயர்கூட மனப்பாடம். கடைசியில் அம்மா பெயர்தான் ஒத்துவரவில்லை.

குடும்பப் பெயர் குழப்பினால் பயப்படாதீர்கள். நார்வே கிராமங்களில் அப்பா பெயர்தான் பின்னால் வரும், நம் இனிஷியல் மாதிரி. ஓலேயின் மகன் ஓல்சன், மகள் ஓல்ஸ்டாட்டர். அமெரிக்கா வந்ததும் சிலர் அதையே வைத்துக்கொண்டார்கள், சிலர் ஊரிலிருந்த பண்ணையின் பெயரைச் சூட்டிக்கொண்டார்கள். ஒரே வீட்டு அண்ணன் தம்பிகள் வெவ்வேறு பெயரில் இருப்பதும் உண்டு.

உள்ளூர்ப் பத்திரிகையின் இரங்கல் செய்தியை அன்னா என்று தேடினால் கிடைக்காமல் போகலாம். 'திருமதி' போட்டுக் கணவர் பெயரில் தேடுங்கள். அதில் எந்த லுத்தரன் சபை அடக்கம் செய்தது என்றிருக்கும். அந்தச் சபையின் பழைய பதிவேட்டில் நார்வேயின் எந்தப் பங்கு (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட வட்டாரம்) என்று எழுதியிருந்தால் பாதி வேலை முடிந்தது. நார்வே தேசிய ஆவணக்காப்பகம் பங்குப் புத்தகங்களை ஸ்கேன் செய்து, டிஜிட்டலார்கிவெட் தளத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. 1868-ஐ ஒட்டிய ஞானஸ்நானப் பக்கங்களைப் புரட்டுங்கள். பழைய கையெழுத்து கண்ணைக் கட்டும். அன்னாக்களும் நிறைய இருப்பார்கள். 1925 தாளை பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.