மரக்கன்று வேலைக்கு மகளை அனுப்பலாமா? தண்டையார்பேட்டை அம்மாவுக்கு ஒரு பதில்

வணக்கம் அம்மா.

உங்கள் கடிதத்தை முழுதும் படித்தேன். மகள் பி.எஸ்சி. தாவரவியல் முடித்திருக்கிறாள். நகரில் மரக்கன்று நட்டுப் பராமரிக்கும் பணியை ஒப்பந்தத்தில் எடுத்திருக்கும் ஒரு நிறுவனம் அவளை சூப்பர்வைசராகக் கூப்பிடுகிறது. திருவொற்றியூர், மணலி பக்கம் சைட். “மூணு வருஷம் படிக்க வெச்சது தெருவுல குழி வெட்டுறவங்களோட வெயில்ல நிக்கவா? பேங்க் பரீட்சைக்குப் படின்னா காதுலயே வாங்க மாட்டேங்குறா” என்று எழுதியிருக்கிறீர்கள். அவளுடைய அப்பா இரண்டு நாளாக அவளிடம் பேசுவதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலை நல்ல வேலை. கூப்பிடுகிற நிறுவனம் நல்லதா என்பதுதான் தெரிய வேண்டும். அதற்கு மகள் நேரில் போய் ஒன்று கேட்டால் போதும்: நட்ட கன்றுகளைப் பராமரிக்க ஒப்பந்தத்தில் எத்தனை வருஷத்துக்குப் பணம் ஒதுக்கியிருக்கிறீர்கள்?

ஏன் இதைக் கேட்கச் சொல்கிறேன் என்றால், கன்று நடுவது அரை நாள் வேலை. விருந்தினர் வருவார்கள், போட்டோ எடுப்பார்கள், பிஸ்கட் கொடுப்பார்கள், போய்விடுவார்கள். அந்தக் கன்று மரமாவதும் குச்சியாவதும் அதற்குப் பிறகு வரும் இரண்டு மூன்று கோடைகளில்தான் இருக்கிறது. அந்தக் கோடைகளுக்குப் பணம் வைத்திருக்கும் நிறுவனத்தில் உங்கள் மகள் ஒரு தொழிலைக் கற்றுக்கொள்வாள். பணம் வைக்காத நிறுவனத்தில் கன்றுகளின் எண்ணிக்கையை எழுதிக் கையெழுத்துப் போட மட்டுமே கற்றுக்கொள்வாள். செத்த கன்றையும் உயிரோடு இருப்பதாக எழுதச் சொல்லி ஒருநாள் யாராவது நிர்ப்பந்திக்கவும் கூடும். அப்படிப்பட்ட இடம் எவ்வளவு சம்பளம் கொடுத்தாலும் வேண்டாம்.

இனி, அவள் அங்கே என்ன செய்வாள் என்பதைச் சொல்கிறேன். “குழி வெட்டுகிறவர்களோடு நிற்பது” என்று நீங்கள் நினைப்பதற்குள் எவ்வளவு படிப்பு இருக்கிறது என்று தெரிந்தால் அவளுடைய அப்பாவிடமும் பேசச் சுலபமாக இருக்கும்.

வேலை நர்சரியிலேயே தொடங்கிவிடும். லாரியில் ஏற்றும் முன் நாலைந்து கன்றுகளைப் பையிலிருந்து உருவிப் பார்க்க வேண்டும். அதிக நாள் பையிலேயே கிடந்த கன்றுக்கு வேர் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். அதை அப்படியே நட்டால் சில வருஷம் நன்றாகத்தான் தெரியும். பிறகு அந்த வேரே தண்டை இறுக்கும், இல்லாவிட்டால் பெருங்காற்றில் மரம் சாயும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வந்தபோது சென்னை ஆயிரக்கணக்கான மரங்களை இழந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நடும்போதும் இதே கவனம் வேண்டும். வேர் பிரியத் தொடங்கும் கழுத்துப் பகுதி தரைமட்டத்தில் தெரிய வேண்டும். “ஆழமாப் போட்டாத்தான்மா கெட்டியா நிக்கும்” என்று வேலையாட்கள் புதைத்துவிடுவார்கள். அவர்கள் மனம் நோகாமல் அதைத் திருத்துவது மேற்பார்வையாளரின் வேலை.

எந்த இடத்தில் எந்த மரம் என்பது அடுத்த பாடம். இதற்கு நம் வடசென்னையைவிடக் கடினமான பள்ளிக்கூடம் கிடையாது. கொருக்குப்பேட்டையில் நடைபாதையைத் தோண்டினால் இரண்டடிக்குள் செங்கல் உடைசல், பழைய குழாய், மின்வாரியத்தின் கேபிள் எல்லாம் வரும். அங்கே உடைசலை அள்ளிவிட்டுச் செம்மண்ணும் மட்கிய எருவும் போட வேண்டும். எண்ணூர், கத்திவாக்கம் கடலோரத்தில் மணல். ஊற்றிய தண்ணீர் நிற்காது, காற்றிலும் உப்பு. அங்கே புன்னையும் பூவரசும் தாங்கும், புங்கனும் தாங்கும். மேலே மின்கம்பி போகும் தெருவில் நெட்டையாக வளரும் மரத்தை வைத்தால் ஆண்டுதோறும் அதன் தலை வெட்டப்படும். அங்கே மந்தாரையோ கொன்றையோ வைப்பதுதான் புத்தி. பள்ளி மைதானம், கோயில் குளக்கரை என்று இடம் தாராளமாக இருந்தால் நாவல், இலுப்பை, நீர்மருது வைக்கலாம். சீக்கிரம் பச்சையாகத் தெரிகிறதே என்று பல ஊர்களில் வரிசை வரிசையாக வைத்த கோனோகார்ப்பஸை இனி நடக்கூடாது என்று 2025-ல் தமிழ்நாடு அரசே தடை போட்டுவிட்டது. விரைவாக வளர்வது ஒன்றையே பார்த்து மரம் தேர்ந்தெடுக்கும் காலம் முடிந்துவிட்டது. ஒவ்வொரு மரத்தின் குணமும் தெரிந்த ஆள் தேவைப்படுகிறது. உங்கள் மகள் படித்த தாவரவியல் அதற்குத்தான்.

பிறகு தண்ணீர். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் நட்டால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வானம் பார்த்துக்கொள்ளும். பிப்ரவரியிலிருந்து மனிதர்கள்தான் பார்க்க வேண்டும். முதல் கோடையில் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு குடம், வேருக்குப் போய்ச் சேரும்படி மெதுவாக ஊற்ற வேண்டும். தினமும் மேலாகத் தெளித்தால் வேர் மேலேயே சுற்றும், கீழே இறங்காது. அடியில் காய்ந்த சருகை மூடாக்காகப் பரப்பினால் ஈரம் நிற்கும். சருகு தண்டைத் தொடாமல் ஒரு கையகலம் விட்டுப் பரப்ப வேண்டும்.

இதில் நம் பகுதிக்கென்று ஒரு நியாயமும் இருக்கிறது. லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நிற்கும் பெண்களிடம் போய் “இந்தக் கன்றுக்கு ஒரு குடம் ஊற்றுங்கள்” என்று சொல்வது சரியில்லை. நல்ல திட்டம் மரத்துக்கான தண்ணீரைத் தனியாக ஏற்பாடு செய்யும். சுத்திகரித்த கழிவுநீரைப் பயன்படுத்தலாம், உப்பின் அளவைப் பரிசோதித்துவிட்டு. கொடுங்கையூரில் கழிவுநீரைச் சுத்திகரித்து மணலி ஆலைகளுக்கு அனுப்புகிறார்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதையும் மகள் அந்த நிறுவனத்திடம் கேட்கட்டும். உடனே பதில் சொல்கிறவர்கள் வேலை தெரிந்தவர்கள்.

முட்டுக்கொடுப்பதையும் கூண்டையும் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மாடும் ஆடும் திரியும் தெருவில் கூண்டு இல்லாமல் கன்று தப்பாது. ஆனால் தண்டு பெருத்த பிறகும் கழற்றாத கூண்டு பட்டையை அறுத்து உள்ளே போய்விடும். கட்டிய கயிறும் அப்படித்தான். முட்டுக்குச்சியை இறுக்கிக் கட்டாமல், தண்டு காற்றில் கொஞ்சம் ஆடும்படி விட்டால்தான் அது தானாகத் தடிக்கும். ஒரு வருஷம் ஆனதும் பெரும்பாலும் குச்சியை எடுத்துவிடலாம். சிறு வயதிலேயே ஒரு நடுத்தண்டை மட்டும் விட்டுப் போட்டித் தண்டுகளை வெட்டிக் கவாத்து செய்தால் பத்து வருஷம் கழித்துக் கிளை பிளந்து ஆட்டோ மேல் விழாது. மரத்தைச் சுற்றி சிமென்ட் பூசுவதைத் தடுக்க வேண்டும். டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கும் கான்கிரீட்டை அகற்றச் சொல்லி 2013-லேயே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. இந்த உத்தரவெல்லாம் தெரிந்து, மழைநீர் வடிகால் கட்ட வருகிற கன்ட்ராக்டரிடமும் வார்டு இளநிலைப் பொறியாளரிடமும் எடுத்துச் சொல்லும் பெண்ணாக அவள் ஆவாள்.

மணலியிலும் எண்ணூரிலும் ஆலைப் புகையையும் சாம்பலையும் சுவாசித்துத்தான் ஒரு தலைமுறையே வளர்ந்தது. மரம் மட்டும் அதற்கு விடை ஆகாது, ஆலைகள் சட்டப்படி நடக்க வேண்டும். ஆனால் நிழல் நமக்கும் உரிமை. அடையாறில் நடக்கிறவருக்குக் கிடைக்கும் நிழல் வியாசர்பாடியில் நடக்கிறவருக்கும் கிடைக்க வேண்டும். அதை வளர்த்துக் கொடுக்கிற வேலையை நம் வீட்டுப் பெண்ணே செய்வதில் எனக்குப் பெருமைதான்.

இனி உங்கள் பயங்கள். வெயில் உண்மைதான். அக்னி நட்சத்திரத்தில் காலை ஆறு மணிக்குத் தொடங்கிப் பத்து மணிக்குள் களப்பணியை முடிப்பதும், மீதியை மாலையில் வைத்துக்கொள்வதும் முடியுமா என்று கேட்கட்டும். சைட் பக்கத்தில் கழிவறை எங்கே என்று கூச்சப்படாமல் கேட்கட்டும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லை பற்றிய பெண்களின் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். அந்தக் குழுவில் யார் யார் என்று கேட்டால் நிறுவனம் தயங்காமல் சொல்ல வேண்டும். ஆட்கள் இருபது பேரோ அதற்கு மேலோ இருந்தால் பி.எஃப். கட்டாயம். சம்பளம் மாதம் 21,000 ரூபாய்க்குள் என்றால் இ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீடு பொருந்தும். ‘கைக்கு எவ்வளவு வரும்’ என்பதை எழுத்தில் வாங்கிவிடுங்கள். விம்கோ நகர் வரை மெட்ரோ ஓடுவதால் திருவொற்றியூர் போய்வர அவளுக்குச் சிரமம் இருக்காது. மணலிப் பக்கம் மட்டும் கம்பெனி வண்டி உண்டா என்று பாருங்கள்.

வேலையாட்களோடு நிற்பதைக் குறைவாக எண்ணாதீர்கள். இருபது வருஷம் கடப்பாரை பிடித்தவருக்கு மண்ணைப் பற்றித் தெரிந்தது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. அவர்களை அண்ணே, அக்கா என்று கூப்பிட்டுக் கற்றுக்கொண்டு, மஸ்டர் ரோல் என்ற வருகைப் பதிவேட்டை ஒழுங்காக எழுதி, கூலியை நேரத்துக்கு வாங்கிக் கொடுக்கும் சூப்பர்வைசரை அவர்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடுவார்கள்.

மேலே போக வழி உண்டா என்பது அப்பாவின் கேள்வியாக இருக்கும். உண்டு. அரசு வேலை வேண்டுமென்றால் தாவரவியல் பட்டத்தோடு டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் வனத் தொழில் பழகுநர் தேர்வை எழுதலாம். இந்திய வனப் பணித் தேர்வுக்கும் தாவரவியல் படித்தவர்கள் தகுதியானவர்கள். உதவித் தோட்டக்கலை அலுவலர் பணிக்குத் தோட்டக்கலைப் பட்டயம் கேட்பார்கள், அந்தப் பக்கம் போக நினைத்தால் அதையும் படிக்க வேண்டும். மூன்று வருஷம் முழுநேரக் கள அனுபவம் சேர்ந்தால் சர்வதேச மரவளர்ப்புச் சங்கத்தின் ஆர்பரிஸ்ட், அதாவது மரப் பராமரிப்பு நிபுணர், சான்றிதழ்த் தேர்வை எழுதலாம். பெரிய குடியிருப்புகள், தொழிற்பேட்டைகள், மெட்ரோ போன்ற கட்டுமானங்கள் எல்லாவற்றுக்கும் மரத்தைப் பற்றி அறிக்கை எழுதத் தெரிந்த ஆள் வேண்டும். பொது இடத்தில் ஒரு மரத்தை வெட்ட வேண்டுமென்றால் மாவட்டப் பசுமைக் குழுவிடம் போக வேண்டிய காலம் இது. மாநில அரசும் 2022-ல் பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தைத் தொடங்கி, காடும் மரமும் சேர்ந்த பரப்பை 23.7 சதவீதத்திலிருந்து 33 சதவீதமாக்குவதை இலக்காக வைத்திருக்கிறது. அத்தனை கன்றையும் காப்பாற்ற ஆள் வேண்டாமா?

பேங்க் பரீட்சையை விட்டுவிடச் சொல்லவில்லை. அவளுக்கே அதில் மனம் இருந்தால் மாலையில் படிக்கட்டும். மனமில்லாத பெண்ணை இரண்டு வருஷம் கோச்சிங் சென்டரில் உட்கார வைத்து, தோற்றால் அவள்மேல் பழி போடுவதைப் பல வீடுகளில் பார்த்துவிட்டேன். உங்கள் வீட்டில் அது வேண்டாம்.

மகள் இந்த வாரமே அந்த நிறுவனத்துக்குப் போகட்டும். முடிந்தால் அவள் அப்பாவும் கூடப் போகட்டும். மூன்று வருஷத்துக்கு முன் அவர்கள் நட்ட ஒரு தெருவைக் காட்டச் சொல்லி, அங்கே எத்தனை மரம் உயிரோடு இருக்கிறது என்று இருவரும் எண்ணிப் பார்க்கட்டும். அந்த எண்ணிக்கையையும் வேலைக்கான கடிதத்தின் நகலையும் எனக்கு அனுப்புங்கள். சம்பளம், பி.எஃப்., விடுமுறை பற்றிய வரிகளைப் படித்துவிட்டு, கையெழுத்துப் போடலாமா என்று சொல்கிறேன்.